புது டெபியனில் பழைய ஜிசிசி: அந்த 101-வது வரி எரர்

ஜிசிசி என்ற குனு கம்பைலரின் 4.8.5 பதிப்பின் சோர்ஸை எடுத்து, சி-யோடு சி++ மொழியையும் சேர்த்துக் கேட்டு, டெபியன் 12 லினக்ஸில் பில்ட் செய்ய உட்கார்ந்தால் ஒரு இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டிவரும். எக்ஸெப்ட்.சி என்ற கோப்பு கம்பைல் ஆகும்போது, பில்டை நடத்தும் மேக் கருவி கையை விரித்துவிடும். அது சொல்லும் காரணம்: சிஎஃப்என்எஸ்.ஜிபெர்ஃப் கோப்பின் 101-வது வரியில், லிப்சி_நேம்_பி என்ற ஃபங்ஷன் குனு_இன்லைன் என்ற பண்போடு மறுபடி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு. இதே ஃபங்ஷன் இதே கோப்பின் 26-வது வரியில் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறதாம்.

இந்த எரருக்குத் தேடினால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு வரிதான்: -எஸ்டிடி=குனு++98 என்ற ஃபிளாகைப் போடு (சோர்ஸை எந்த மொழித் தரநிலைப்படி படிப்பது என்று கம்பைலருக்குச் சொல்வது), போய்விடும். ஃபிளாகைப் போட்டால் போகத்தான் செய்கிறது. ஆனால் எது போனது, ஏன் வந்தது என்று யாரும் நின்று சொல்வதில்லை. மெஷின் எழுதிக் கொடுத்த கோடில் வரும் எரரை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2015-இல் வந்த கம்பைலர் இன்றைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக முதலில் எங்கள் நிலைமை. கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறோம். கார்டெக்ஸ்-எம்3 சிப். பல வருடங்களாக ஆலைகளில் ஓடும் போர்டுகள் அத்தனையிலும் இருப்பது ஜிசிசி 4.8.5-இல் கம்பைல் ஆன ஃபர்ம்வேர். எங்கள் தேவைக்கு அந்தக் கம்பைலரிலேயே ஒரு சின்ன மாற்றமும் செய்து வைத்திருக்கிறோம். ஆலையிலிருந்து ஒரு திருத்தம் கேட்டால், அந்தத் திருத்தம் மட்டும்தான் போர்டுக்குள் போக வேண்டும். புதுக் கம்பைலர் என்றால் ஒவ்வொரு ஃபங்ஷனும் இடம் மாறும், இன்டரப்ட்டின் நேரக் கணக்கு மாறும், முழுப் பரிசோதனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. பழைய பில்ட் சர்வரின் டிஸ்க் சாகக் கிடந்ததால், அதே கம்பைலரைப் புது மெஷினில் மறுபடி பில்ட் செய்ய வேண்டியதாயிற்று.

பழைய டிஸ்ட்ரோவைக் கன்டெய்னரில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கம்பைலருக்காக, செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன ஒரு முழு சிஸ்டத்தையே சுமப்பது அது. சோர்ஸ் கையில் இருக்கிறது. அதைப் படித்துச் சரிசெய்கிற தெம்பும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எரருக்கு வருவோம். முதலில் அதைப் பார்த்தது என் டீமில் இருக்கும் தம்பி. 101-வது வரி என்று சொன்னதும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, ஜிபெர்ஃப் ஃபைல்ல 101-வது வரியில ஃபங்ஷனே இல்லைங்க. வெறும் பேருதான் வரிசையா இருக்கு."

அவன் சொன்னது சரி. அங்கே கோடே கிடையாது. சி நூலக ஃபங்ஷன்களின் பட்டியல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜிபெர்ஃப் என்பது குனு திட்டத்தின் பழைய கருவிகளில் ஒன்று. டக்ளஸ் ஷ்மிட் எழுதியது. மாறாத ஒரு சொற்பட்டியலைக் கொடுத்தால், சொல்லை எண்ணாக மாற்றும், இரண்டு சொற்களுக்கு ஒரே எண் வந்து மோதாத ஹேஷ் ஃபங்ஷன் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை சி கோடாக எழுதித் தரும். ஒரு சொல்லைக் கொடுத்தால், ஒரு கணக்கு, ஒரு ஒப்பீடு. பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஜிசிசியின் சி++ பகுதி இதை எதற்குப் பயன்படுத்துகிறது என்பது அழகான விஷயம். சிஎஃப்என்எஸ்.ஜிபெர்ஃப் பட்டியலில் இருப்பவை எக்ஸெப்ஷன் (ஓடும்போது தவறு நேர்ந்தால் சி++ நிரல் எழுப்பும் அறிவிப்பு) வீசவே வீசாத சி நூலக ஃபங்ஷன்கள். சொல்லின் நீளத்தை எண்ணும் எஸ்டிஆர்லென்னை அழைக்கும் இடத்தில் எக்ஸெப்ஷன் வந்தால் எங்கே போவது என்ற ஏற்பாடு தேவையில்லை என்று கம்பைலர் இந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. க்யூசார்ட்டும் பிசெர்ச்சும் பட்டியலில் இல்லை. அவை இரண்டும் நாம் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷனைத் திரும்ப அழைப்பவை, அந்த ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் வீசலாம் அல்லவா. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக யோசித்துச் சேர்த்த பட்டியல் இது. படித்தபோது மரியாதை வந்தது.

இந்தப் பட்டியலை ஜிபெர்ஃப் படித்து எழுதித் தரும் கோப்பு சிஎஃப்என்எஸ்.எச். எக்ஸெப்ட்.சி உள்ளே இழுப்பது இதைத்தான். பில்ட் செய்பவரிடம் ஜிபெர்ஃப் இல்லாவிட்டாலும் வேலை நடக்கட்டும் என்று, இந்த எச் கோப்பையும் சோர்ஸோடு சேர்த்தே தந்திருக்கிறார்கள். அதன் முதல் இரண்டு வரிகளைப் படியுங்கள். எந்த ஜிபெர்ஃப் பதிப்பு எழுதியது, என்ன கட்டளை கொடுத்து எழுதியது, இரண்டும் அங்கேயே இருக்கின்றன. பதிப்பு 3.0.3. இந்த எண் பின்னால் தேவைப்படும். அதற்கடுத்து ஒரு நீண்ட சோதனை வரும்: இடைவெளியின் எண் 32 தானா, ஆச்சரியக்குறியின் எண் 33 தானா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, இல்லையென்றால் இந்த அட்டவணை இங்கே வேலை செய்யாது என்று நின்றுவிடும். எழுத்துகளின் எண் மதிப்பை வைத்துத்தான் ஹேஷ் கணக்கே நடக்கிறது. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் எப்சிடிக் போன்ற குறியீட்டில் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

அந்தச் சோதனை முடிந்ததும் ஒரு வரி வரும்: #லைன் 1, சிஎஃப்என்எஸ்.ஜிபெர்ஃப். எரரின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. ஜிபெர்ஃப் கோப்பின் தலைப்பகுதியில் மனிதர் கையால் எழுதிய கொஞ்சம் சி கோடு உண்டு. ஜிபெர்ஃப் அதை அப்படியே எச் கோப்புக்குள் நகலெடுக்கிறது. அதில் தவறு வந்தால் மூலக் கோப்பின் வரி எண்ணைக் காட்டட்டும் என்று #லைன் போடுகிறது. நல்ல நோக்கம். ஆனால் கையால் எழுதிய பகுதி முடிந்து, ஜிபெர்ஃப் தானாக எழுதும் கோடு தொடங்கும் இடத்தில், இனி இது எச் கோப்பின் வரிகள் என்று சொல்ல இன்னொரு #லைன் போடுவதில்லை. பஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பிய பிறகும் பழைய ஊரின் பெயர்ப்பலகையோடு ஓடுவது மாதிரி, அதன் பிறகு வரும் வரிகளெல்லாம் ஜிபெர்ஃப் கோப்பின் பெயரிலேயே எண்ணப்படுகின்றன.

ஆக, எரர் சொல்லும் 26-வது வரி நிஜம். ஜிபெர்ஃப் கோப்பைத் திறந்தால் லிப்சி_நேம்_பி-யின் அறிவிப்பு அங்கேயே இருக்கும். 101-வது வரி அந்தக் கோப்பில் இல்லை. எச் கோப்பில் சுமார் 30 வரிகள் தள்ளிப் பார்த்தால், ஹேஷ் கணக்குப் போடும் ஃபங்ஷன் முடிந்த இடத்தில் அந்த ஃபங்ஷனின் உடல் தொடங்குகிறது. அதுதான் அந்த '101'.

தம்பியிடம் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். 26-வது வரி மனிதர் எழுதியது. '101' மெஷின் எழுதியது. இந்த ஒன்று தெளிவானாலே எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

இனி இரண்டுக்கும் என்ன தகராறு என்று பார்க்கலாம். கையால் எழுதிய அறிவிப்பில் இருப்பது, குனு கம்பைலராக இருந்தால் இன்லைன் (அழைக்கும் இடத்திலேயே ஃபங்ஷனின் உடலை வைக்கலாம் என்பது) என்று சேர்த்துக்கொள், அவ்வளவுதான். ஜிபெர்ஃப் எழுதிய உடலில் அதோடு இன்னொரு நிபந்தனை இருக்கிறது: எஸ்டிடிசி இன்லைன் என்று முடியும் குனு மேக்ரோ (கம்பைலர் தானே வரையறுத்து வைக்கும் பெயர்) இருந்தால் குனு_இன்லைன் பண்பையும் சேர்.

அந்த நிபந்தனை வந்த கதை பழையது. சி மொழியின் 1999 தரநிலையான சி99-க்கு முன்பே குனு கம்பைலர் இன்லைன் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டிருந்தது. வெறும் இன்லைன் என்றால் ஃபங்ஷனின் உடலை வெளியிலிருந்தும் அழைக்கும்படி ஆப்ஜெக்ட் கோப்பில் எழுதும். எக்ஸ்டெர்ன் இன்லைன் என்றால் எழுதாது. சி99 தரநிலை இதை அப்படியே தலைகீழாக்கியது. வெறும் இன்லைன் என்றால் எழுதக்கூடாது, எக்ஸ்டெர்ன் சேர்த்தால் எழுத வேண்டும். ஜிபெர்ஃப் எழுதித் தந்த கோடை நம்பியிருந்தவர்களுக்குப் பழைய அர்த்தம் மாறாமல் இருக்க வேண்டுமே. அதற்காக 2007 மே மாதம் வந்த ஜிபெர்ஃப் 3.0.3, தான் எழுதும் உடலில் குனு_இன்லைன் பண்பைச் சேர்க்கத் தொடங்கியது. எச் கோப்பின் முதல் வரியில் பார்த்த அதே 3.0.3.

மெஷின் தன் பங்கை மாற்றிக்கொண்டது, கையால் எழுதிய அறிவிப்பு அப்படியே நின்றுவிட்டது. அறிவிப்பில் பண்பு இல்லை, உடலில் இருக்கிறது. பொருந்தாமை 2007-க்குப் பிறகே உள்ளே உட்கார்ந்துவிட்டது என்றாலும் பல வருடங்கள் யார் கண்ணிலும் படவில்லை. காரணம் அந்த மேக்ரோ. பழைய இன்லைன் அர்த்தத்தில் கம்பைல் ஆகும்போது மேக்ரோ வராது, பண்பும் சேராது, தகராறும் இல்லை. 2015-இல் வந்த ஜிசிசி 5, சி மொழிக்கான இயல்பு நிலையை, அதாவது ஃபிளாக் கொடுக்காதபோது எந்தத் தரநிலைப்படி படிப்பது என்பதை, குனு89-லிருந்து குனு11-க்கு மாற்றியது. உடனே, சி கம்பைலரால் பில்ட் ஆகும் ஜிசிசி 4.7-உம் அதற்கு முந்தைய சில பதிப்புகளும் அடிபட்டன. 4.8 முதல் ஜிசிசியை பில்ட் செய்யவே சி++ கம்பைலர் வேண்டும் என்றாகியிருந்ததால் அது இன்னும் ஒரு வருடம் தப்பியது. 2016-இல் ஜிசிசி 6 வந்து சி++-இன் இயல்பு நிலையை குனு++98-லிருந்து குனு++14-க்கு நகர்த்தியதும் அதற்கும் முடிந்தது. இதற்கிடையே எங்கள் சோர்ஸில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஜி++-இடம் காலிக் கோப்பைக் கொடுத்து, உனக்குள் இருக்கும் மேக்ரோக்களையெல்லாம் காட்டு என்று கேட்டு, இன்லைன் என்ற சொல்லை மட்டும் கிரெப்பில் வடிகட்டுங்கள். குனு++98 என்று சொல்லிக் கேட்டால் குனு இன்லைன் மேக்ரோ வரும். குனு++14 என்று சொல்லிக் கேட்டால் அது இருந்த இடத்தில் எஸ்டிடிசி இன்லைன் மேக்ரோ நிற்கும். ஒரே கம்பைலர், ஒரே காலிக் கோப்பு. ஃபிளாகைப் போட்டால் ஏன் எரர் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

என்ன செய்தோம்? இரண்டையும் செய்தோம்.

முதலில் பேட்ச், அதாவது சோர்ஸிலேயே ஒரு திருத்தம். ஜிபெர்ஃப் கோப்பில், லிப்சி_நேம்_பி அறிவிப்புக்கு மேலே, இன்லைன் என்ற சொல்லுக்குக் கீழே, மூன்று வரிகள்: அந்த மேக்ரோ இருந்தால், குனு_இன்லைன் பண்பு, நிபந்தனை முடிவு. உடலில் ஜிபெர்ஃப் எழுதியிருக்கும் அதே மூன்று வரிகள்தான். இதே மூன்று வரிகளை எச் கோப்பின் நகலிலும் சேர்த்தோம். "எச் ஃபைல்ல மட்டும் போட்டா போதுமில்லைங்க்கா? கம்பைலர் படிக்கிறது அதைத்தானே?" என்று தம்பி கேட்டான். இன்றைக்குப் போதும். நாளைக்கு யாராவது ஜிபெர்ஃபை மறுபடி ஓட்டினால் எச் கோப்பு மொத்தமாகப் புதிதாக எழுதப்படும், நம் திருத்தம் தடயமில்லாமல் போய்விடும். மெஷின் எழுதும் கோப்பில் மட்டும் கை வைப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். திருத்தம் மூலத்தில் இருக்க வேண்டும்.

மறுபுறம், மூலத்தில் மட்டும் திருத்தினாலும் சிக்கல் வரும். நேரமுத்திரையைப் பார்த்துத்தான் மேக் முடிவெடுக்கிறது. எச் கோப்பைவிட ஜிபெர்ஃப் கோப்பு புதிது என்று தெரிந்தால் ஜிபெர்ஃப் கருவியைக் கூப்பிடும். மெஷினில் அது இல்லையென்றால் பில்ட் அங்கேயே நிற்கும். இருந்தால் அதைவிட மோசம். டெபியன் 12-இல் இருப்பது ஜிபெர்ஃப் 3.1. இந்தப் பதிப்பு, தேடும் சொல்லின் நீளத்துக்கான வகையை அன்சைன்ட் இன்ட்டிலிருந்து சைஸ்_டி ஆக மாற்றிவிட்டது. கையால் எழுதிய அறிவிப்பு இன்னமும் அன்சைன்ட் இன்ட் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 64-பிட் மெஷினில் இரண்டும் ஒன்றல்ல. சி++-இன் கண்ணில் அவை ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு ஃபங்ஷன்கள், ஒன்றுக்கு அறிவிப்பு உண்டு, உடல் கிடையாது. ஒரு பொருந்தாமையைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை இழுத்துவிட்டதாகிவிடும்.

சோர்ஸை கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கிட் நேரமுத்திரையைச் சேமிப்பதில்லை. செக்அவுட் செய்யும்போது எந்தக் கோப்பு முதலில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து, எது புதிது என்பது மாறிப்போகும். டார் கோப்பிலிருந்து பில்ட் ஆகும் அதே சோர்ஸ் கிட்டிலிருந்து எடுத்தால் ஆகாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஜிசிசி குழுவினருக்கும் இந்தத் தொல்லை தெரியும். கான்ட்ரிப் ஃபோல்டரில் ஜிசிசி_அப்டேட் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை டச் என்ற ஆப்ஷனோடு ஓட்டினால், மெஷின் எழுதிய கோப்புகளின் நேரத்தையெல்லாம் சரியான வரிசையில் புதுப்பித்துவிடும். எங்கள் பில்ட் ஸ்கிரிப்டில் கான்ஃபிகருக்கு முன்னால் அதைப் போட்டிருக்கிறோம்.

பேட்ச் மட்டும் வேலை செய்கிறதா என்று தனியாகப் பார்க்க, முழு பில்டையும் ஓட்டத் தேவையில்லை. பில்ட் ஃபோல்டரில் ஜிசிசி என்ற உள்ஃபோல்டருக்குப் போய், குனு++14 என்று வெளிப்படையாகச் சொல்லி, எக்ஸெப்ட்டின் ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் கேட்கலாம். பேட்சுக்கு முன் எரர். பேட்சுக்குப் பின் அமைதியாக முடிந்தது.

அப்படியிருக்க, ஃபிளாக் எதற்கு? இந்தச் சோர்ஸில் பிரச்சினை இது ஒன்று மட்டுமல்ல. டெபியன் 12-இன் ஜிசிசி 12, சி++-ஐ இயல்பாக குனு++17 ஆகப் படிக்கிறது. ரீலோட்1.சி-யில், பூல் வகை மாறி ஒன்றின் மேல் ++ போட்டிருக்கிறார்கள். சி++17 அதைத் தடை செய்துவிட்டது, எனவே அங்கும் எரர். இதையும் ஒரு பேட்சால் சரிசெய்யலாம். ஆனால் இது சிஎஃப்என்எஸ் மாதிரி இரண்டு பக்கம் ஒன்றுக்கொன்று முரண்படுகிற கோடு இல்லை. எழுதப்பட்ட காலத்தின் மொழியில் முழுக்கச் சரியான கோடு. அதைத் திருத்துவதைவிட, எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழியில் படி என்று கம்பைலரிடம் சொல்வதே முறை. கான்ஃபிகர் செய்யும்போது சிஎக்ஸ்எக்ஸ் மாறியிலேயே ஜி++ என்பதோடு -எஸ்டிடி=குனு++98 என்று சேர்த்துக் கொடுத்தோம். ஃபிளாகுகளுக்கான மாறியில் கொடுத்தால் கோடை வேகப்படுத்தும் இயல்பான -ஓ2 ஃபிளாக் போய்விடும், அதையும் நாமே எழுத வேண்டும். கம்பைலரின் பெயரோடு சேர்த்துக் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லா உட்பகுதிகளுக்கும் அதுவே போய்ச் சேரும்.

ஃபிளாக் இருந்தால் பேட்ச் தேவையில்லையே என்று கேட்டால், பில்ட் ஆவதற்குத் தேவையில்லைதான். ஆனால் சிஎஃப்என்எஸ்-இல் இருப்பது உண்மையான தவறு. அறிவிப்பும் உடலும் ஒத்துப்போக வேண்டும். ஃபிளாக் அதைச் சரிசெய்யவில்லை, கண்ணில் படாமல் வைக்கிறது. பின்னாளில் இந்த ஸ்கிரிப்டை எடுத்து ஃபிளாகை நீக்கிப் பார்ப்பவருக்கு இதே குழப்பம் மறுபடி வரக்கூடாது. ஜிசிசி குழுவினர் இதை ஜிசிசி 6-இல் வேரோடு தீர்த்துவிட்டார்கள். ஜிபெர்ஃபையே சி++ கிளாஸாக எழுதச் சொல்லிவிட்டார்கள். அறிவிப்பையும் உடலையும் ஒரே கருவி எழுதுவதால் விலகிப்போக வழியில்லை. எங்கள் 4.8.5-க்கு அவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவர நான் விரும்பவில்லை. மூன்று வரி போதும்.

பில்ட் முடிந்ததும் எங்களுக்கு முக்கியமான சோதனை ஒன்று இருந்தது. ஆலைகளில் ஓடும் ஃபர்ம்வேரின் சோர்ஸை, அந்த வெளியீட்டைக் குறித்து வைத்த டேகிலிருந்து எடுத்து, புதிதாக பில்ட் ஆன 4.8.5-இல் கம்பைல் செய்தோம். எங்கள் ஃபர்ம்வேரில் தேதி, நேர மேக்ரோக்களைப் பயன்படுத்துவதில்லை என்று முன்பே ஒரு விதி வைத்திருந்தோம். பதிப்பு எண் டேகிலிருந்து வரும். அதனால் ஒப்பிடுவது சுலபம். வந்த பைனரியையும் ஆர்க்கைவில் இருந்த பழைய பைனரியையும், கோப்புகளை பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி-க்குக் கொடுத்தோம். ஒரு பைட்கூட மாறவில்லை. மற்ற போர்டுகளின் டேகுகளையும் அதே ஸ்கிரிப்டில் ஓட்டவிட்டுத் தம்பி உட்கார்ந்து பார்த்தான், அவையும் ஒத்துப்போயின.

பேட்சை சோர்ஸ் மரத்தின் வெளியே, பேட்சஸ் என்ற ஃபோல்டரில் தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். அதன் தலையில் எரர் செய்தியை முழுதாக ஒட்டி, 101 என்பது ஜிபெர்ஃப் கோப்பின் வரி எண் அல்ல, எச் கோப்பில் பாருங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். ஜிபெர்ஃப் 3.1-ஐக் கொண்டு எச் கோப்பை மறுபடி எழுதவிடாதீர்கள், வேண்டுமென்றால் 3.0.3-ஐ பில்ட் செய்து அதை வைத்து எழுதுங்கள் என்பது அதற்கடுத்த வரி.